தூதும் வாயிலும்

(சொற்பொழிவு)

  

தூது என்பது தமிழர்க்குப் புதிதன்று. வேந்தன் வேந்தனுக்கு விடுத்த தூதும், தலைவி தலைவனுக்கு விடுத்த தூதும், புலவர்கள் கிளியையும் முகிலையும் நெஞ்சையும் தமிழையுமே விடுத்த தூதும் இலக்கியம் கற்றார் யாவரும் அறிந்தவை. சிற்றிலக்கிய வகைகளுள் ஒன்றாகவே அது வளர்ந்து நின்றது. ஆயினும், தூதின் வெற்றி தூதனிடத்து மட்டும் இல்லை. அவன் செல்லுமிடத்தில் வாயில் இருத்தல் வேண்டும். வாயிற்கண் அவனை இன்னான் என்றறிந்து ஏற்பார் இருத்தல் வேண்டும். ஏற்ற செய்தியை உள்ளே கொண்டுசென்று உரைப்பார் இருத்தல் வேண்டும். உரைத்தபின் வாயிலை அடைப்பாரும் இருத்தல் வேண்டும். இந்நான்கனுள் ஒன்று குறையினும் தூது வறிதாகும். அன்றேல் நாட்டிற்கே கேடாய் முடியும்.

மாந்தனுடைய உடலினுள்ளும் இத்தகைய தூது ஒவ்வொரு நொடியும் நிகழ்கின்றது. நோயை எதிர்க்கும் உயிரணுக்கள் ஒன்றற்கொன்று விடுக்கும் தூதுப்புரதங்களை மேலையர் சைட்டோகைன் என்பர். கிரேக்க மொழியில் உயிரணுவையும் இயக்கத்தையும் குறிக்கும் இரு சொற்களின் கூட்டு அது. அத்தூதை வாங்கிக்கொள்ளும் வாயிலே ஏற்பி. ஏற்பி எப்பொழுது தோன்றுகின்றது, எவ்வளவு தோன்றுகின்றது, எவ்வாறு மறைகின்றது என்பதே இன்றைய பொழிவின் பொருள். இது வெறும் ஆய்வகச் செய்தியன்று; ஓர் இளஞ்சிறுவனின் உயிரோடு பிணைந்த செய்தி.

கூண்டில் வாழ்ந்த சிறுவன்

1971ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுத் தெக்சாசு மாநிலத்தின் ஊசுட்டன் நகரில் தேவிது வெட்டர் என்னும் ஆண்மகவு பிறந்தது. அவனுக்கு முன் பிறந்த தமையன் நோயெதிர்ப்பாற்றல் இன்றி ஏழு திங்கள் அகவையிலேயே மாண்டு போனான். அதே குறை இவனுக்கும் இருக்கக்கூடும் என்று அஞ்சிய மருத்துவர்கள், பிறந்தவுடனேயே அவனை நுண்ணுயிர் நீக்கிய ஞெகிழிக் கூண்டினுள் வைத்தனர். அவன் உயிர்த்த காற்று வடிகட்டப்பட்டது. உண்ட உணவும், உடுத்த உடையும், விளையாடிய பொருளும் நுண்ணுயிர் நீக்கப்பட்ட பின்னரே உட்சென்றன. பெற்ற தாயும் கூண்டின் சுவரிற் பொருத்திய கையுறைகளின் வழியாகவே அவனைத் தீண்ட முடிந்தது.

அக்கூண்டில் அவன் வாழ்ந்தது ஒரு நாளன்று, ஒரு திங்களன்று, பன்னிரண்டு ஆண்டுகள். 1983இல் அவன் தமக்கையின் எலும்புமச்சையை எடுத்து அவனுக்கு ஏற்றினர். அம்மச்சையுள் எப்புசுட்டைன்-பார் என்னும் நச்சுயிரி ஒளிந்திருந்தது. அதனைத் தடுக்கும் படை அவன் உடலில் இல்லை. அது புற்றாய்ப் பெருகியது. 1984 பிப்பிரவரி 22ஆம் நாள் அவன் உயிர் பிரிந்தது. இறப்பதற்குச் சில நாள் முன் கூண்டை விட்டு அவனை வெளியே எடுத்தபொழுதுதான், ஈன்ற தாய் தன் மகனை முதன்முறையாக முத்தமிட்டார்.

அச்சிறுவன் உடலில் எது இல்லாமற் போயிற்று? அன்று அதனை அறிந்தார் இலர். அவ்வினாவிற்கு விடை கூறவேண்டுமாயின் மறவரணுக்களின் கதையை முதலிற் கூறல் வேண்டும்.

மறவரணுவும் அதன் தூதும்

குருதியின் வெள்ளணுக்களுள் ஒருவகை, மார்பெலும்பின் பின்னே அமைந்த தைமசு என்னும் சுரப்பியிற் பயிற்சி பெற்று வெளிவருவது. அச்சுரப்பிப் பெயரின் முதலெழுத்தால் டி உயிரணு என மேலையர் அதனை வழங்குவர். போர்த்தொழில் பூண்டமையின் ஈண்டு அதனை மறவரணு எனலாம். ஒவ்வொரு மறவரணுவும் ஒரு குறித்த பகையுருவத்தை மட்டுமே அடையாளங் காணவல்லது. ஆதலின் எந்தவொரு பகைக்கும் உரிய மறவர் தொகை மிகச் சிறிதே. பகை புகுந்தவுடன் அச்சிலர் பல்லாயிரவராய்ப் பெருகினாலன்றி வெற்றியில்லை. பெருகுக என்னும் ஆணையைச் சுமந்து செல்வதே இண்டர்லியூக்கின்-2 என்னும் தூதுப்புரதம். அதனை ஈண்டு இரண்டாம் தூது எனக் குறிக்கலாம்.

1976இல் அமெரிக்க நாட்டின் தேசியப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தில் தோரிசு மார்கன், பிரான்சிசு இரசெட்டி, இராபர்ட்டு கேலோ ஆகிய மூவரும் மறவரணுக்களை உடலுக்கு வெளியே நெடுநாள் வளர்க்கவல்ல ஒரு பொருள் உண்டென்று காட்டினர். அதுவே இத்தூது. 1983இல் சப்பானிய அறிஞர் ததாத்சுகு தானிகுச்சியும் அவர்தம் குழுவினரும் அதன் மரபணுவைப் பிரித்தெடுத்து அமைப்பை வெளியிட்டனர். 133 அமினோக் காடிகள் கோத்த சிறிய புரதமே அது. இத்துணைச் சிறிய தூது பெரும்படையை எழுப்புகின்றது என்பது வியப்பே. ஆயின் அதனினும் வியப்பு, வாயிலின் அமைப்பிலே உள்ளது.

மூன்று தூண் வாயில்

இரண்டாம் தூதை ஏற்கும் வாயில் மூன்று தூண்களால் ஆயது. முதல் தூண், இடைத் தூண், கடைத் தூண் என அவற்றை வரிசைப்படுத்தலாம். முதல் தூண் தனியே நின்றால் தூதைத் தளர்வாகவே பற்றும். பற்றியதை உள்ளே உரைக்கும் ஆற்றலும் அதற்கில்லை. இடைத்தூணும் கடைத்தூணும் இணைந்து நின்றால் தூதை ஓரளவு பற்றும், உள்ளேயும் உரைக்கும். மூன்றும் ஒருங்கே கூடின், இரண்டு மட்டும் நின்ற பொழுதினும் ஏறத்தாழ நூறு மடங்கு இறுகப் பற்றும். அந்நிலையில் மிக நுண்ணிய அளவு தூதும் செவியில் விழும்.

அமைதிக்காலத்து மறவரணுவில் முதல் தூண் இல்லை. ஏனைய இரண்டும் குறைவாகவே உள. ஆதலின் அருகே தூது மிதந்து சென்றாலும் அது பொருட்படுத்துவதில்லை. இஃது ஒரு குறையன்று, காப்பு. வருந்தூதுக்கெல்லாம் படையெழுமாயின் உடல் ஓயாப் போர்க்களமாகும்.

பகையைக் கண்டவுடன் நிலை மாறுகின்றது. மறவரணுவின் பகையறி ஏற்பியில் பகையின் கூறு வந்து பொருந்தியதும், உயிரணுவினுள் மூன்று செய்தி ஓடைகள் பாய்கின்றன. முதலாவது, கால்சியத்தின் பெருக்கால் கால்சினியூரின் என்னும் நொதியை எழுப்பும் ஓடை. ஏனைய இரண்டும் ஒன்றை ஒன்று எழுப்பும் நொதிகளின் தொடராய் ஓடுபவை. மூன்றும் உட்கருவை அடைந்து அங்கு உறங்கிய மரபணுக்களை எழுப்புகின்றன. எழும் மரபணுக்களுள் இரண்டனை நோக்குக: ஒன்று இரண்டாம் தூதை ஆக்குவது, மற்றொன்று அதன் வாயிலின் முதல் தூணை ஆக்குவது. தூதும் வாயிலும் ஒரே ஆணையாற் பிறக்கின்றன! பகையைக் கண்ட அணுவே கூர்ஞ்செவி பெறுகின்றது. காணாத அணு செவி மந்தமாகவே இருக்கின்றது.

முதல் ஓடையை அணையிட்டுத் தடுத்தால் என்னாகும்? தூது பிறவாது, படை பெருகாது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப் பெற்றோர்க்குப் படை பெருகாமையே நலம்; பெருகின், புதிய உறுப்பைப் பகையெனக் கருதித் தாக்கும். பூஞ்சையொன்றிலிருந்து பெறப்பட்டு 1983இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற சைக்குளோசுபோரின் என்னும் மருந்து, கால்சினியூரினைத் தடுத்தே அவ்வுறுப்பைக் காக்கின்றது.

புறத்தூதும் அகத்தூதும்

வாயில் அமைந்தது, தூதும் வந்தது. இனிச் செய்தி உள்ளே செல்லும் வகை யாது? தூது வந்து பற்றியதும் இடைத்தூணும் கடைத்தூணும் நெருங்குகின்றன. உயிரணுவினுள் நீண்டிருக்கும் அவற்றின் அடிகளில் வாயிற்காவலர் போல இரு நொதிகள் ஒட்டிக்கொண்டுள்ளன. இரு முகமுடைய உரோமானியத் தெய்வமாகிய யானசின் பெயரால் அவை யானசு நொதிகள் எனப்படும். அவ்வினத்தில் மாந்தர்க்கு உள்ளவை நான்கு. இடைத்தூணில் நிற்பது முதலாம் யானசு. கடைத்தூணில் நிற்பது மூன்றாம் யானசு. தூண்கள் நெருங்கியதும் இவை ஒன்றையொன்று எழுப்பி, தூண்களின் அடியில் பாசுப்பேட்டு என்னும் எரியக்கூறுகளைப் பொருத்துகின்றன. அவை ஓலையில் இட்ட முத்திரையை ஒக்கும்.

அம்முத்திரையைக் கண்டு வந்து சேர்வது மற்றொரு புரதம். வெளியிலிருந்து வந்தது புறத்தூதாயின், இதனை அகத்தூது எனலாம். அதன்மீதும் காவலர் முத்திரை இடுவர். முத்திரை பெற்ற அகத்தூதுகள் இரண்டிரண்டாய் இணைந்து உட்கருவினுட் புகுந்து உரிய மரபணுக்களை எழுப்பும். மாந்தர்க்கு ஏழு அகத்தூதுகள் உள. இரண்டாம் தூதின் செய்தியைப் பெரிதும் சுமப்பது ஐந்தாம் அகத்தூது. நச்சுயிரியைத் தடுக்கும் இண்டர்பெரான் என்னும் தூதுப்புரதம் 1957இல் இலண்டனில் அறியப்பட்டது. அது தன் செய்தியை உட்கருவுக்கு எங்ஙனம் சேர்க்கின்றது என்று நியூயார்க்கில் சேம்சு தார்னல் குழுவினர் ஆய்ந்தபொழுது, 1990களின் தொடக்கத்தில் வெளிப்பட்டதே இவ்வகத்தூது வழி.

ஐந்தாம் அகத்தூது எழுப்பும் மரபணுக்களுள் முதல் தூணின் மரபணுவும் ஒன்று. தூதை ஏற்கும் வாயில் தூதாலேயே பெருகுகின்றது. கேட்கக் கேட்கச் செவி கூர்மையாகின்றது. படை விரைந்து பெருகுவதன் கரணியம் இதுவே.

அடைக்கும் தாழ்

பெருகிக்கொண்டே போகும் படை நாட்டைக் காக்குமா? காவாது, பகை ஒழிந்த பின்னர்த் தன் நாட்டையே சூறையாடும். ஆதலின் திறக்கும் வழியிலேயே அடைக்கும் தாழும் அமைந்துள்ளது.

முதல் தாழ், வாயிலையே உள்ளிழுத்துக் கொள்ளல். தூதைப் பற்றிய தூண்கள் சில மணித்துளிகளிலேயே உயிரணுவினுள் இழுக்கப்படுகின்றன. இடைத்தூணும் கடைத்தூணும் உள்ளே சிதைக்கப்படுகின்றன. முதல் தூண் மட்டும் மீண்டும் மேற்பரப்புக்கு அனுப்பப்படுகின்றது. இரண்டாம் தாழ், அடக்குபுரதங்கள். 1997இல் ஆசுத்திரேலியாவின் மெல்பர்ன் நகரிலும் சப்பானிலும் தனித்தனியே ஆய்ந்தோர் ஒருங்கே கண்ட உண்மை இது: அகத்தூது எழுப்பும் மரபணுக்களுள் சில, யானசு நொதிகளையே அடக்கும் புரதங்களை ஆக்குகின்றன. செய்தி தன் முடிவையும் தன்னுள்ளேயே சுமந்து செல்கின்றது. மூன்றாம் தாழ், இட்ட முத்திரையை அழிக்கும் நொதிகள்.

இவை போதாவென்று, பிறரடங்கக் காக்கும் காவலணுக்களும் உள. 1995இல் சப்பானிய அறிஞர் சிமோன் சகாகுச்சி, முதல் தூணை எப்பொழுதும் தாங்கி நிற்கும் ஒருவகை மறவரணுக்களை அடையாளங் காட்டினார். அவை இரண்டாம் தூதைத் தாமே ஆக்குவதில்லை. பிறர் ஆக்கியதை மிகுதியாய் உறிஞ்சிக் கொள்கின்றன. படை வரம்பு கடவாமற் காக்கின்றன. இத்துறையில் அவருக்கும் அமெரிக்க அறிஞர்களாகிய மேரி பிரங்கோ, பிரெடு இராம்சுடெல் ஆகியோர்க்கும் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

ஈண்டு ஒரு முரண் காண்க. இரண்டாம் தூது இல்லாத சுண்டெலிகளில் மறவரணுக்களே இராவென அறிஞர் எதிர்பார்த்தனர். கண்டது வேறு: மறவரணுக்கள் இருந்தன, அவை அடக்குவார் இன்றித் தம்முடலையே தாக்கின. ஒரே தூது படையை எழுப்பவும் பயன்படுகின்றது. அதனை அடக்குவாரைப் பேணவும் பயன்படுகின்றது.

இன்னொரு தூதின் ஒழுக்கம் இதனினும் நயமுடையது. ஏழாம் இண்டர்லியூக்கின், மறவரணுக்கள் உயிர்வாழ வேண்டும் உணவு போன்றது. அதன் அளவோ வரம்புடையது. 2004இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, ஏழாம் தூதைப் பெற்ற அணு உடனே தன் வாயிலைக் குறைத்துக் கொள்கின்றது என்று காட்டிற்று. தான் உண்டபின் பந்தியை விட்டெழுந்து பசித்தவர்க்கு இடம் விடும் பண்பு அது! அவ்வாய்வாளர்களே அதற்குப் பிறர்நலம் பேணும் ஒழுங்கு என்னும் பொருள்படப் பெயரிட்டனர். பகுத்துண்ணலைத் தலையாய அறமாகப் போற்றிய தமிழ்மக்கட்கு அப்பெயர் எளிதில் விளங்கும்.

சிறுவன் வினாவிற்கு விடை

இனித் தேவிதின் கூண்டிற்குத் திரும்பலாம். அவன் இறந்து ஒன்பதாண்டுகள் கழிந்து, 1993இல், அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் மசயுகி நொகுச்சி, வாரன் இலியோனார்டு முதலியோர் விடையை வெளியிட்டனர். அவனுக்கிருந்த நோயின் கரணியம் கடைத்தூணின் மரபணுவில் நேர்ந்த பிழை. அம்மரபணு எக்சு நிறப்புரியில் உள்ளது. ஆண்மகவுக்கு அந்நிறப்புரி ஒன்றே. ஈடுசெய்ய மற்றொன்று இல்லை. ஆதலின் தாய் நலமாயிருக்க, அவள் ஈன்ற ஆண்மக்களுக்கு நோய் வருகின்றது. தமையனும் தம்பியும் மாண்டதன் கரணியம் இதுவே.

ஆனால் ஓர் ஐயம் எழும். இரண்டாம் தூது இல்லாதபோதும் மறவரணு தோன்றுகின்றதாயின், இவனுக்கு மட்டும் ஏன் தோன்றவில்லை? கடைத்தூண் ஒரு வாயிலுக்கு மட்டும் உரியதன்று. இரண்டு, நான்கு, ஏழு, ஒன்பது, பதினைந்து, இருபத்தொன்று என்னும் எண்களையுடைய ஆறு தூதுகளின் வாயில்களுக்கும் அது பொதுத்தூண். அது வீழின் ஆறு வாயிலும் வீழும். ஏழாம் தூதைக் கேளாமையின் மறவரணு வளரவில்லை. பதினைந்தாம் தூதைக் கேளாமையின் இயற்கைக் கொல்லணு தோன்றவில்லை. எஞ்சிய எதிர்ப்புரத அணுக்கள் இருந்தும் பயன்படவில்லை. தூதுகள் அவன் உடலில் உலவின, வாயில்தான் இல்லை.

1995இல் இக்கண்டுபிடிப்பிற்கு உறுதி கிடைத்தது. தூண் பழுதின்றி இருந்தும், அதன் அடியில் நிற்கும் மூன்றாம் யானசு பழுதுற்ற குழந்தைகளுக்கு அதே நோய் இருத்தல் அறியப்பட்டது. வாயில் இருந்தும் காவலன் இல்லையேல் விளைவு ஒன்றே. இவ்வகை நோய் பெண்மகவுக்கும் வரும்.

அறிவு மருந்தாதல்

கரணியம் அறிந்தபின் வழி பிறந்தது. 2000ஆம் ஆண்டில் பாரிசு நகர மருத்துவர்கள், பழுதற்ற கடைத்தூண் மரபணுவைக் குழந்தைகளின் மச்சையணுக்களிற் புகுத்தி மறவரணுக்களை வளரச் செய்தனர். மகிழ்ச்சி நீடிக்கவில்லை, புகுத்திய மரபணு தவறான இடத்திற் பதிந்தமையால் சில குழந்தைகளுக்குக் குருதிப்புற்று வந்தது. அறிஞர் மனந்தளராது, மரபணுவைச் சுமந்து செல்லும் நச்சுயிரியின் கூற்றைத் திருத்தினர். 2019இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட முடிவுகள் நம்பிக்கையூட்டின. எலும்புமச்சை மாற்றும் முறையும் செம்மையுற்றது. மூன்றரைத் திங்கள் அகவைக்குள் அது செய்யப்பெற்ற குழந்தைகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்று நால்வர் ஐந்தாண்டு கடந்து வாழ்ந்தனர் என 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வு கூறுகின்றது. முன்னறிதலே உயிர் என்பது இதனாற் பெறப்படும். 2008இல் விசுகான்சின் மாநிலம் பிறந்த குழந்தை ஒவ்வொன்றின் குருதித் துளியையும் இந்நோய்க்காக ஆயத் தொடங்கிற்று. 2018இன் இறுதிக்குள் அந்நாட்டு மாநிலங்கள் அனைத்தும் அதனை மேற்கொண்டன.

மறுபுறம், வாயில் மிகுதியாய்த் திறந்தோர்க்கும் மருந்து பிறந்தது. யானசு நொதிகளைத் தடுக்கும் தொபாசிட்டினிபு என்னும் மாத்திரை, 2012இல் முடக்கு மூட்டழற்சிக்கென அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஆயின் காவலனை முழுதும் உறங்க வைத்தலும் தீதே. நோய்த்தொற்று, குருதிக்கட்டு, நெஞ்சாங்குலை நோய், புற்று ஆகியவற்றின் இடர் பற்றி 2021இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை வன்மையாக எச்சரித்தது.

தமிழ்க்குடும்பங்கட்கு

ஈன்றோரும் ஈனவிருப்போரும் இவ்வறிவிற் கொள்ள வேண்டுவன சில உள. மூன்றாம் யானசின் பழுது, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணு வந்து சேர்ந்தாலன்றி நோயாகாது. நெருங்கிய உறவில் மணந்தார்க்கு ஒரே பழுது இருவரிடத்தும் இருக்கும் வாய்ப்பு மிகுதி. மாமன் மகளையும் அக்கை மகளையும் மணக்கும் வழக்கம் தமிழகத்தில் நெடிது நிலைத்தது. உறவைப் பேணுதல் நன்றே. ஆயின் உறவை மணத்தாலன்றிப் பேணவியலாது என்பதில்லை. பிறக்கும் மகவின் நலத்தினும் பெரிய உறவு யாதுளது?

குழந்தை பிறந்த சில திங்களிலேயே ஓயாத வயிற்றுப்போக்கும், நீங்காத வாய்ப்புண்ணும், மீண்டும் மீண்டும் நுரையீரல் அழற்சியும் உற்று எடை கூடாதிருப்பின், அதனை ஊழென்றும் கண்ணேறென்றும் கூறி வாளாவிருத்தல் தகாது. குடும்பத்தில் முன்னர்க் குழந்தை இறந்திருப்பின் அதனை மறையாது மருத்துவரிடம் கூறல் வேண்டும்; தடுப்பூசி இடுமுன்னரே கூறல் வேண்டும். உயிருள்ள நுண்ணுயிரை மெலிவித்துச் செய்யும் தடுப்பூசிகள், என்புருக்கி நோய்க்கெனப் பிறந்தவுடன் இடுவது உட்பட, ஏனைய குழந்தைகளுக்கெல்லாம் காப்பாவன. இக்குறையுடைய அரிய சிலர்க்கு மட்டும் தீங்காகக்கூடும். ஆதலின் தடுப்பூசியை அஞ்சல் வேண்டா. செய்தியை மறைத்தலையே அஞ்சல் வேண்டும்.

அன்புடையீர்! தூது வரும்பொழுது திறத்தலும், கேட்டபின் அடைத்தலும், உண்டபின் பிறர்க்கு இடம் விடுதலும் உடலின் நுண்ணணுக்கள் ஒழுகும் ஒழுக்கம். அவ்வொழுக்கம் ஒரு தூண் அளவு பிழைத்தமையால் ஒரு சிறுவன் பன்னிரண்டு ஆண்டுகள் தாயின் கைப்படாமல் வாழ்ந்தான். அத்தூணை அறிந்தமையால் இன்று அவன்போற் பிறக்கும் குழந்தைகள் தாய்மடியில் வளர்கின்றனர். அறிவு எனும் தூது உங்கள் வாயிலுக்கும் வந்து நிற்கின்றது. திறமின், கேண்மின், அயலார்க்கும் உரைமின்!